கட்டுப்பாட்டுப் பாத்தி

பேராதனை
4 டிசம்பர் 2022

அன்புள்ள காக்கா,

ஸலாம்.

பெட்டி வந்தது. போத்தல்கள் உடையவில்லை. உள்ளே நீங்கள் வைத்திருந்த துண்டையும் வாசித்தேன். "போனில கதைச்சா சண்டைதான் வருகுது. எழுத்தெண்டா பக்கம் முடியுமட்டும் நீ குறுக்க கதைக்க ஏலாது."

சரி. நீங்கள் பூச்சிப் பெட்டிக்குள் எழுதி வையுங்கள். நான் வெறும் பெட்டியைத் திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏற்றும்போது எழுதுகிறேன்.

சண்டை வராமல் மீண்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் வயலில் பன்னிரண்டு பாத்தி. மஞ்சள் பலகை நட்டவற்றுக்கு நான் எழுதித் தந்தபடி மருந்து. வெள்ளைப் பலகையில் 'கட்டுப்பாடு' என்று எழுதியிருக்கும். அவற்றுக்கு ஒன்றுமே இல்லை. பூச்சி வந்தாலும். கருகினாலும். மருந்து வேலை செய்ததா என்று பார்ப்பதற்கு, மருந்தே காணாத பாத்தி பக்கத்தில் இருக்கவேண்டும். அதைத்தான் இங்கே கட்டுப்பாடு என்கிறோம்.

நீங்கள் அறக்கொட்டி என்பதை நாங்கள் கபில நிறத் தத்தி என்று எழுதுகிறோம். அடித்தண்டில் இருந்து சாறு குடிக்கும் அதே பூச்சிதான். பெயர் மாறினால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

போன வருடம் நாடு முழுக்க உரமில்லாத போகம். என் பரிசோதனையும் அதோடு போனது. எம்.பில். பதிவு வருகிற வருடத்தோடு முடிகிறது. இன்னொரு போகம் தரமாட்டார்கள். உம்மாவிடம் இதைச் சொல்லவேண்டாம். 'அப்ப வந்து கலியாணத்தைப் பாரு' என்பார்.

மர்ஷூதா


சம்மாந்துறை
11.12.2022

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு மூட்டு வலி, மற்றப்படி எல்லோரும் சுகம்.

போன கிழமை பெட்டியை பஸ்ஸில் ஏற்றும்போது கொண்டக்டர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். "என்ன காக்கா, தாடியும் வெச்சிக்கிட்டு கண்டிக்குச் சரக்கு அனுப்புறீங்க?" என்றான். பூச்சியை ஊறப்போட்ட அற்ககோல் என்றேன். "பூச்சிக்கும் பழக்கிட்டீங்களா" என்றான். பஸ்ஸே சிரித்தது. ஜும்ஆவுக்குப் போகிற இடத்திலும் இப்போது இதுதான் கதை.

ஒன்று கேட்கவேண்டும். தெற்கு வரம்புக்கு அங்கால் கனகரெத்தினம் அண்ணனின் வயல். காரைதீவிலிருந்து இன்னும் அந்தப் பழைய சைக்கிளில்தான் வருகிறார். வாப்பா மௌத்தாகி அடக்கிய வருடம் நம் வயலுக்கும் சேர்த்துத் தண்ணீர் பார்த்தவர். உன் வெள்ளைப் பலகைகள் எல்லாம் அவருடைய வரம்போரம்தான் வந்திருக்கின்றன. நேற்று ஒரு பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கட்டுப்பாட்டையெல்லாம் என்ர பக்கம் வெச்சிரிக்காள் உன்ர தங்கச்சி. படிச்ச புள்ளையெண்டா அப்படித்தான். இனி உன்ர வயலில பூச்சி வந்தாலும் அதத் தாண்டி இஞ்சால வர ஏலாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. கமநல நிலையத்துச் சுவரில் 'பீடைக் கட்டுப்பாடு' என்று பெரிதாக எழுதியிருக்கிறார்களே. மனிசன் அதை நினைத்துக்கொண்டார். பூச்சியைக் கட்டுப்படுத்துகிற பாத்தி என்று. சொல்ல வாயெடுத்தேன். சைக்கிளை அந்தப் பக்கம் கிறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சொல்லட்டுமா? பலகை உன்னுடையது. நீ சொல்.

அஸ்கி


பேராதனை
15 டிசம்பர் 2022

காக்கா,

ஸலாம். வெள்ளைப் பலகைகள் அந்தப் பக்கம் போனது என் விருப்பமில்லை. சீட்டுக் குலுக்கித்தான் பாத்திகளைப் போட்டோம். அப்படித்தான் போடவேண்டும். ஆளின் விருப்பம் கலக்கக்கூடாது.

கனகரெத்தினம் அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம்.

சொன்னால் பயப்படுவார். பயந்தால் வரம்போரமாக மருந்தடிப்பார். காற்றில் அது நம் பக்கம் வரும். மருந்தே காணாத பாத்தி மருந்து கண்டதாகிவிடும். பிறகு என்னிடம் ஒன்றுமே இருக்காது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விடுங்கள்.

இந்த இரண்டு வரியையும் எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையாக எதுவும் தெரியவில்லை.

அடுத்த முறையிலிருந்து கட்டைச் சிறகுப் பூச்சியை ஒரு போத்தலிலும் நீளச் சிறகை இன்னொன்றிலும் போடுங்கள். றுஸ்தா மச்சிக்குக் கண் கூர்மை. உங்கள் பெண்சாதிதானே, அவவிடம் கொடுங்கள்.

மர்ஷூதா


சம்மாந்துறை
08.01.2023

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஐந்தாறு நாளாக வெயிலே இல்லை. மூட்டம். பயிர் அடர்த்தியாக நிற்கிறது. வெள்ளைப் பலகைப் பாத்திக்குள் காலை வைத்தால் அடியிலிருந்து பூச்சி உமி பறக்கிறது மாதிரி எழும்புகிறது. தண்டைத் தட்டினால் கீழே பிடித்த தட்டு பூச்சியால் கறுத்துப்போகிறது. ஒரு பாத்தியின் நடுவில் வட்டமாக மஞ்சள் பிடித்துவிட்டது. றோட்டால் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். "டொக்டரம்மாட வயலுக்கே வருத்தம்" என்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உனக்கு வாக்குத் தந்திருக்கிறேன்.

மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வரம்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கண்ணுக்கு முன்னால் நெல் சாகிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா?

றுஸ்தா சிறகு பிரித்துத் தந்தாள். போன கிழமை கட்டைதான் கூட. இந்தக் கிழமை நீளம்தான் கூட. "இது என்னண்டு இப்படி மாறினது, மர்ஷூதா மச்சியிட்டக் கேளுங்க" என்றாள். கேட்கிறேன். அது என்ன அர்த்தம்?

இன்னொன்று. கனகரெத்தினம் அண்ணன் வந்தார். அவருடைய மகன் பவிதரன் மருந்தடிப்போம் என்று நிற்கிறானாம். "நான்தான் வேணாமெண்டன் தம்பி. எங்கட பக்கம் கட்டுப்பாடு இரிக்கெலுவா, என்னத்துக்கு இப்ப வீணா அடிக்க?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

கேட்டால் சொல்லு என்றாய். இது கேட்டதா, கேட்காததா?

அஸ்கி


பேராதனை
11 ஜனவரி 2023

காக்கா,

அவர் கேட்டது மருந்தைப் பற்றி. பலகையைப் பற்றி இல்லை.

ஒரு கிழமை பொறுங்கள். இன்னும் ஒரேயொரு மாதிரி எடுக்கவேண்டும். அது இல்லாவிட்டால் முன்பு எடுத்ததெல்லாம் வீண். அது முடிந்ததும் நீங்களே போய் அவரிடம் சொல்லுங்கள். நம் தாங்கியிலேயே அவருக்கு அடித்துக் கொடுங்கள்.

சிறகு நீள்வதற்குக் காரணங்கள் பல. பிறகு விளக்குகிறேன்.

மர்ஷூதா


சம்மாந்துறை
20.01.2023

மர்ஷூதா,

நீ கேட்ட கடைசி மாதிரி பெட்டிக்குள் இருக்கிறது. எல்லாப் பாத்தியிலும் எடுத்தாயிற்று. ஒன்றிலும் பிழை விடவில்லை. வெள்ளைப் பலகைப் பாத்திகள் முழுக்கக் கருகிவிட்டன. நெருப்பு வைத்த மாதிரி. சந்தோஷமா?

கருகல் வரம்போடு நிற்கவில்லை.

சிறகு நீண்டால் பறக்கும். அதற்கு நான் கெம்பஸ் போகத் தேவையில்லை. போன கடிதத்தில் கேட்டது, நீ சொல்வாயா என்று பார்க்கத்தான்.

கனகரெத்தினம் அண்ணனின் வயலில் முதலில் வரம்போரம் மூன்று வட்டம். மறுநாள் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. மறுகா எண்ணுவதற்கு வட்டமே இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம். நேற்றுக் காலை அவர் வந்து வெள்ளைப் பலகைக்கு முன்னால் குந்தினார். விரலால் எழுத்தைத் தடவினார்.

"தம்பி அஸ்கி, கட்டுப்பாடு எண்டா என்ன?"

இப்போது கேட்டுவிட்டார். சொன்னேன். ஒன்றும் செய்யாமல் விடுகிற பாத்தி என்று.

ஏசுவார் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் பலகையைப் பார்த்தபடியே, "அப்ப நான்தான் பிழையா வாசிச்சிட்டன்" என்றார்.

எழும்பிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறவில்லை. உருட்டிக்கொண்டே போனார்.

போன் எடுக்காதே. நான் தூக்கமாட்டேன்.

அஸ்கி


பேராதனை
25 ஜனவரி 2023

காக்கா,

உங்கள் கடிதத்தைப் பெட்டி வந்த அன்றே வாசித்தேன். வாசித்துவிட்டுப் போத்தல்களைத் திறந்தேன். இந்த ஒழுங்கில்தான் செய்தேன். வாசித்தபின் என்னால் வேலை செய்ய முடிந்தது. அதை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை.

எண்கள் பிரிந்து நிற்கின்றன. மருந்து கண்ட பாத்தி ஒரு பக்கம், காணாத பாத்தி ஒரு பக்கம், நடுவில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆய்வை மேற்பார்க்கும் மேடம் என் தோளில் தட்டினார். இவ்வளவு சுத்தமான தரவு பல வருடமாகப் பார்க்கவில்லை என்றார். சுத்தம் என்ற சொல்லைத்தான் சொன்னார்.

கனகரெத்தினம் அண்ணனுக்கு மிஞ்சியிருக்கும் பகுதியையாவது காப்பாற்றலாம். இரண்டு மருந்தை ஒன்றாகக் கலக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். இலைக்கு மேலால் அல்ல, தண்டின் அடிக்கு அடிக்கவேண்டும். வெயிலில் வேண்டாம். முகத்தை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். நானே அவருக்கு எழுதலாம் என்று பார்த்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கி அதற்குமேல் போகவில்லை.

அவரிடம் என் ஸலாத்தைச் சொல்லவேண்டாம். மருந்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

மர்ஷூதா


சம்மாந்துறை
02.02.2023

மர்ஷூதா,

உன் கடிதம் வந்த நேரம் நான் காரைதீவில் செத்த வீட்டில் இருந்தேன். வந்துதான் பிரித்தேன். இரண்டு மருந்தைக் கலக்கவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கலந்திருந்தார்.

பவிதரன் வேலைக்குப் போயிருந்தான். மனிசன் தனியாக வந்து, உச்சி வெயிலில், முகத்துக்கு ஒரு துண்டுகூட இல்லாமல் அடித்திருக்கிறார். நான் நம் வயலின் வடக்குப் பக்கம் நின்றேன். தாங்கிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியாது. கிறுகிப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை. ஓடிப்போனேன். வரம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடந்தார். தாங்கி முதுகிலேயே இருந்தது. மருந்துப் போத்தல் பக்கத்தில் மூடியில்லாமல் கிடந்தது.

உழவு இயந்திரப் பெட்டியில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு வந்து, ஓட்டோ பிடித்து, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வாசலில் தாதி கேட்ட முதல் கேள்வி, "மருந்து அடிச்சவரா, குடிச்சவரா?"

எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். டொக்டர் கேட்டார். பொலிஸ் கேட்டது. ஓட்டோக்காரன் கேட்டான். மரண விசாரணைக்கு வந்தவரும் கேட்டார். நான் எல்லோருக்கும் "அடிச்சவர்" என்றேன். கண்டேன் என்றேன். அடித்துக்கொண்டு நிற்கும்போது மயங்கி விழுந்ததை என் கண்ணால் கண்டேன் என்று.

நான் காணவில்லை, மர்ஷூதா. உண்மை எது என்று எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் விடியமுதல் முடிந்துவிட்டது.

புருசனைப் பறிகொடுத்த செல்லத்தங்கம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, நீ கண்டதுதானே?" ஓம் அக்கா என்றேன். அந்த ஓம் இனி என்னோடுதான் இருக்கும்.

பவிதரன் என் சேட்டுக் கொலரைப் பிடித்தான். "உங்கட ஆக்கள் வேணுமெண்டுதான் எங்கட பக்கம் வெச்ச" என்றான். சீட்டுக் குலுக்கிப் போட்டது என்று நான் அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அவனுடைய மாமாக்கள்தான் இழுத்து விலக்கினார்கள். இப்போது வயல் வட்டையில் அவர்கள் ஒரு பக்கம் தண்ணீர் திருப்புகிறார்கள், நாங்கள் ஒரு பக்கம் திருப்புகிறோம். எதிரே வந்தால் தலை குனிந்துகொண்டு போகிறோம். அவ்வளவு காலமும் வராதது இந்த ஒரு பலகையால் வந்தது.

உன் பலகைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன். அறுவடைக்கு நீ வரவேண்டாம். நெல்லை நிறுத்து அளவை அனுப்புகிறேன். அது உனக்குத் தந்த வாக்கு.

அஸ்கி


பேராதனை
18 ஜூன் 2023

காக்கா,

ஸலாம்.

நான்கு கடிதம் எழுதினேன். நான்கையும் அனுப்பவில்லை. நோன்புப் பெருநாளன்று உம்மாவோடு பேசும்போது பின்னால் உங்கள் இருமல் கேட்டது. "காக்கா பக்கத்திலதான் நிக்காரு" என்று உம்மா சொன்னதும் இருமலும் நின்றுவிட்டது.

ஆய்வேட்டை எழுதி முடித்துவிட்டேன். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒப்படைக்கவேண்டும். கனகரெத்தினம் அண்ணனைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று றுஸ்தா மச்சியிடம் விசாரித்தீர்களாம். ஆய்வேடு ஆங்கிலத்தில். அந்த இடத்தைத் தமிழாக்கித் தருகிறேன்:

'கட்டுப்பாட்டுப் பாத்திகளில் தத்திகளின் எண்ணிக்கை உச்சத்தை அடைந்தபோது நீளச் சிறகு வடிவத்தின் விகிதமும் உயர்ந்தது. இக்காலப்பகுதியில் அயல் வயலில் பயிர்ச்சேதம் அவதானிக்கப்பட்டது.'

இவ்வளவுதான். இதற்குமேல் எழுத இடமில்லை. அப்படியும் சொல்லலாம்.

முன்பக்கத்தில் நன்றியுரை வரும். அதில் உங்கள் முழுப் பெயரைப் போட விரும்புகிறேன். நீங்கள் இல்லாமல் இந்த ஆய்வு இல்லை. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று சொல்லுங்கள்.

மர்ஷூதா


சம்மாந்துறை
07.07.2023

மர்ஷூதா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்று இருந்தேன்.

நீ எழுதிய இரண்டு வரியை றுஸ்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளி உரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "அவதானிக்கப்பட்டது எண்டா, ஆர் அவதானிச்ச?" என்றாள். வடிவாக எழுதினால் அப்படித்தான் வரும் என்றேன். "அது சரி. ஆரெண்டு கேக்கன்" என்றாள். மறுகா உள்ளியை உரித்தாள்.

அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. ஆர்? பூச்சி தானாகப் பறந்தது, வயல் தானாகக் கருகியது, ஆரோ தூரத்தில் நின்று அதைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அங்கே நின்றது நான். அறிந்தது நீ. வெள்ளைப் பலகையைப் பிழையாக வாசித்தவர் செத்துப்போனார். சரியாக வாசிக்கத் தெரிந்த நாம் இரண்டு பேரும் இருக்கிறோம். உன் வாக்கியத்துக்குள் நாம் இரண்டு பேரும் இல்லை.

நான் பொலிசுக்கே பொய் சொன்னவன். உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் என் பொய்யில் ஆள் இருக்கிறது. 'நான் கண்டேன்' என்றுதான் சொன்னேன்.

நன்றியுரையில் என் பெயரைப் போடாதே.

கல்முனைச் சந்தையில் செல்லத்தங்கம் அக்காவைக் கண்டேன். ஒளியப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். பவிதரன் கட்டாருக்குப் போய்விட்டானாம். வயலை ஆரோ வெளியூர்க்காரர் செய்யப்போகிறார்களாம். மறுகா, "தங்கச்சி படிச்சு முடிச்சிற்றாளா தம்பி?" என்று கேட்டார். இல்லை அக்கா, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

"முடிக்கட்டும். அவர் எந்த நாளும் சொல்றவர், அது படிச்ச புள்ளையெண்டு."

கத்தரிக்காய்ப் பையை வைத்துக்கொண்டு நடுச் சந்தையில் நின்றேன். வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்பதே நினைவில்லாமல் அயத்துப்போனேன்.

அஸ்கி


பேராதனை
3 ஆகஸ்ட் 2023

காக்கா,

ஸலாம்.

உங்கள் கடிதம் வந்தபின் அந்த வரியை மாற்றினேன். 'அயல் வயலுக்குத் தத்தி பரவும் என்பதை நான் முன்கூட்டியே அறிந்திருந்தேன். வயலின் சொந்தக்காரருக்கு அறிவிக்கவில்லை. அவர் பெயர் கனகரெத்தினம்.' ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் சிறிதாக இருந்தது. பிரதி எடுத்து மேடத்திடம் கொடுத்தேன்.

அவர் வாசித்தார். கதவைச் சாத்தினார். கோபப்படவில்லை. நல்லவர். இந்த மூன்று வரியும் இருந்தால் பரிசோதகர்கள் மற்ற நூற்றைம்பது பக்கத்தையும் பார்க்கமாட்டார்கள் என்றார். ஆய்வே நிராகரிக்கப்படும் என்றார். அழுகிறதென்றால் வீட்டில் போய் அழு, இங்கே ஆய்வு மட்டும்தான் என்றார். பிறகு தானே பேனாவால் வெட்டிவிட்டு ஓரத்தில் பழைய வாக்கியத்தை எழுதினார். அந்த ஒரே வார்த்தை. ஆளில்லாத வார்த்தை.

தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் நினைத்தேன், காக்கா, எழும்பிப் போய்விடுவேன் என்று. கதவு பூட்டவில்லை, சாத்தித்தான் இருந்தது. உரமில்லாத போகத்தை நினைத்தேன். உம்மா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைகளை நினைத்தேன். கருகும் வயலின் வரம்பில் தாங்கியை மாட்டிக்கொண்டு நின்ற உங்களை நினைத்தேன். கனகரெத்தினம் அண்ணனை நினைக்கவில்லை. அவரை நினைத்திருந்தால் எழும்பியிருப்பேன். அது தெரிந்துதான் நினைக்கவில்லை.

கையொப்பமிட்டேன்.

உங்கள் பெயரைப் போடவில்லை. அவருடைய பெயரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. வயல் அமைந்திருக்கும் இடம் மட்டும் இருக்கிறது, அகலாங்கு, நெட்டாங்கு என்ற இரண்டு எண்களாக.

நேற்று ஒப்படைத்துவிட்டேன். செல்லத்தங்கம் அக்கா இனிக் கேட்டால், முடித்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லவேண்டாம். அதை நான்தான் அவருடைய வீட்டுக்கு வந்து, முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மர்ஷூதா